ஈரலில் கிருமி என்றால்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெபடைட்டிஸ் பி, சி வந்து மருந்தில் இருப்பவர்களும் மருந்தை முடித்தவர்களுமாகச் சேர்ந்து, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பை, களக்காடு பக்கம் பேசப் போகும்போதெல்லாம் காதில் விழுகிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். முன்பாதி நோயைப் பற்றியது. பின்பாதி, நோய் வந்த ஒருவர் ஊருக்காக வாய் திறக்கக் கிளம்பும்போது வரும் சந்தேகங்கள். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மாற்றுவதும் உங்களைப் பார்க்கிற மருத்துவர் சொல்படிதான் நடக்க வேண்டும்.

மஞ்சக் காமாலையும் இந்த ஹெபடைட்டிஸும் ஒண்ணுதானா?

காமாலை என்பது ஓர் அடையாளம். கண்ணும் மூத்திரமும் மஞ்சளாவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பித்தப்பைக் கல்லாலும் வரும், குடியாலும் வரும், வைரஸாலும் வரும். ஹெபடைட்டிஸ் என்பது ஈரலில் ஏற்படும் அழற்சி. அதை உண்டாக்கும் வைரஸ்களில் ஏ, ஈ இரண்டும் அசுத்தத் தண்ணீரிலும் உணவிலும் வருபவை. சில வாரம் படுத்தி எடுத்துவிட்டுப் பெரும்பாலும் தாமாகவே போய்விடும். கர்ப்பிணிக்கு ஈ வந்தால் மட்டும் உயிருக்கே ஆபத்து, அவரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

பி, சி இரண்டும் ரத்த வழியாக வருபவை. பி உடலுறவிலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். இவைதான் ஈரலில் வருடக்கணக்காகத் தங்கி, ஈரல் சுருக்கத்திலும் (தழும்பேறி ஈரல் இறுகிப்போவது) புற்றுநோயிலும் கொண்டு விடுபவை. இந்தப் பக்கம் முழுக்க அவற்றைப் பற்றித்தான்.

ஒடம்பு மஞ்சளாவே இல்ல, நல்லாத்தான் இருக்கேன். பொறவு எப்படி கிருமி இருக்குன்னு சொல்லுதாவ?

நாங்கள் ஊர் ஊராகப் போவதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். பி, சி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வலி கிடையாது, மஞ்சள் கிடையாது, பசியும் குறையாது. ஈரல் பாதி கெட்ட பிறகும் மீதியை வைத்து வேலையை ஓட்டிவிடும். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, ரத்த வாந்தி எடுக்கும்போது 20, 30 வருடம் ஓடிப்போயிருக்கும். ஆகவே மஞ்சள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஒரு துளி ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு எங்கன இருந்து வந்திச்சு? நான் தப்புத்தண்டா ஒண்ணும் பண்ணலையே?

தப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் நாட்டில் பி உள்ள பலருக்குப் பிறக்கும்போதோ சின்ன வயதிலோ வந்ததுதான். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் 90 சதவீதம் பேருக்கு அது தங்கிவிடும். வளர்ந்த பிறகு தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் தங்கும். அதனால் உங்களுக்கு பி என்றால் அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் கட்டாயம் பாருங்கள். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, தங்கச்சி மூவருக்கும் இருப்பது அபூர்வம் இல்லை.

மற்ற வழிகள்: ஒரே சிரிஞ்சைப் பலருக்குப் போட்டது, ஒரே ஊசியைக் கழுவிக் கழுவிப் பச்சை குத்தியது, சலூன் பிளேடு, சரியாக வேகவைத்துச் சுத்தப்படுத்தாத பல் கருவி, டயாலிசிஸ், பழைய காலத்து ரத்தம். சி வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான். அதற்கு முன்பு ஏற்றிய ரத்தத்தில் அதைத் தேட வழியே இருந்ததில்லை.

ஒரே தட்டுல சாப்பிட்டா, பிள்ளையக் கொஞ்சினா ஒட்டிக்கிடுமா?

ஒட்டாது. தட்டு, டம்ளர், படுக்கை, கக்கூஸ், இருமல், முத்தம் எதிலும் பரவாது. தாய்ப்பால் கொடுக்கலாம். தனித் தட்டு வைத்து ஓர் ஆளை ஒதுக்குவது வீட்டில் யாரையும் காப்பாற்றப் போவதில்லை, அவர் மனசைத்தான் நோகடிக்கும். தனியாக இருக்க வேண்டியவை ரேசர், நகவெட்டி, பல்துலக்கும் பிரஷ், காது குடையும் கம்பி. பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் 7 நாள்வரை உயிரோடு இருக்கும். ரத்தம் சிந்தினால் 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுக் கையுறையோடு துடையுங்கள். நேற்றுக் கரைத்தது வேண்டாம், அன்றன்றைக்குக் கரைத்தால்தான் வீரியம் இருக்கும்.

ரிப்போர்ட்ல 'ரியாக்டிவ்'னு மட்டும் போட்டிருக்கு. அடுத்தாப்ல என்ன செய்யணும்?

எது ரியாக்டிவ் என்று பாருங்கள். 'ஆன்டி எச்.சி.வி' என்றால், சி வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்ததன் தடம் என்றுதான் அர்த்தம். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ பரிசோதனைதான் சொல்லும். அது பார்க்காமல் மருந்து கிடையாது. 'எச்.பி.எஸ்.ஏ.ஜி' ரியாக்டிவ் என்றால் பி இப்போது இருக்கிறது. 6 மாதம் கழித்தும் இருந்தால் தங்கிவிட்டது என்று பொருள். டி.என்.ஏ அளவு (வைரஸ் எவ்வளவு), எச்.பி.இ.ஏ.ஜி (வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா), எஸ்.ஜி.பி.டி, எஸ்.ஜி.ஓ.டி (ஈரல் எவ்வளவு அடிபடுகிறது), தட்டணு (ரத்தத்தை உறைய வைக்கும் அணு), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி), வயிற்று ஸ்கேன் இவ்வளவும் பார்த்த பிறகுதான் மருந்து இப்போதே வேண்டுமா என்பது முடிவாகும்.

2018 ஜூலை 28 முதல் நடக்கும் தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆதார் நகலும் பழைய ரிப்போர்ட் அத்தனையும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். தேதி வரிசையாக இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எஸ்.ஜி.பி.டி நார்மல்னு வந்திருக்கே, பொறவு என்ன பயம்?

எஸ்.ஜி.பி.டி நார்மலாக இருக்கும்போதே ஈரல் தழும்பு ஏறிக்கொண்டு போகலாம். கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்தே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி-யை அந்த லேப் போட்டிருக்கும் உச்ச வரம்பால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, தட்டணுவால் வகுக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி 72, உச்ச வரம்பு 40, தட்டணு 1.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 72-ஐ 40-ஆல் வகுத்தால் 1.8. நூறால் பெருக்கினால் 180. அதை 120-ஆல் வகுத்தால் 1.5. ஒன்றைத் தாண்டினால் ஈரல் சுருக்கம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மேலே பார்க்க வேண்டும்.

பலர் தப்பு விடுகிற இடம் தட்டணு. ஆயிரக் கணக்கில் எழுத வேண்டும்: 1.2 லட்சம் என்றால் 120. 1,20,000 என்று போட்டால் விடை ஒன்றுமில்லாமல் வந்து, நல்லாத்தான் இருக்கிறோம் என்று ஆறுதல் சொல்லிவிடும். இது சந்தேகத்தைக் கிளப்பத்தான். ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) செய்துதான் உறுதிப்படுத்துவார்கள்.

கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சா போதாதா? எங்க ஆச்சி அப்படித்தான் ஊரையே சரியாக்குனா.

ஆச்சி சொன்னதில் பொய் இல்லை. நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கலக்கிக் குடித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது ஏ அல்லது ஈ. முதல் பதிலில் சொன்னபடி அது தானாகவே போகும். கீழாநெல்லிக்குப் பேர் கிடைத்தது.

பி-க்கு இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவும், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு பி நெகட்டிவ் ஆனது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு பி-க்கு மருந்தாக அதைக் கொடுப்பதில்லை. கீழாநெல்லியை யாரும் இழிவாகப் பேச வேண்டியதில்லை. அதை நம்பி மாத்திரையை விடுவதுதான் ஆளைக் கொல்லும். பேர் தெரியாத லேகியம், பஸ்பம் இன்னும் மோசம், கெட்ட ஈரலை மேலும் கெடுக்கும்.

சி-க்கு மூணு மாசம் மாத்திரைதானாமே, பி-க்கு மட்டும் ஏன் ஆயுசு பூரா?

சி வைரஸ் நம் உயிரணுவின் கருவுக்குள் ஒளிவதில்லை. சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டாக்லாடாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒவ்வொன்று என்று 12 வாரம் தவறாமல் எடுத்தால் நூற்றுக்கு 95 பேருக்குக் குணமாகிவிடும். சுருக்கம் இருந்தால் மருந்தும் காலமும் மாறும். முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ பார்த்து இல்லை என்றால்தான் குணம் என்று சொல்வோம். மாத்திரை முடிந்த அன்றைக்கே லட்டு கொடுத்துவிடாதீர்கள். வலிப்பு மாத்திரை, டி.பி மாத்திரை, இதயத் துடிப்புக்கான அமியோடரோன், இவற்றில் எது எடுத்தாலும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பி-யும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்காமல் சி-க்கு மருந்து தொடங்கக் கூடாது. சி அடங்கும்போது பி கிளம்பும்.

பி வைரஸ் தன் மூலப் பிரதியை உயிரணுவின் கருவுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. டெனோஃபோவிர், என்டகாவிர் அதைப் பெருகவிடாமல் அடக்கும், பிடுங்கி எறியாது. அதனால்தான் பல வருடம், பலருக்கு ஆயுள் முழுக்க.

நான் மாத்திரைய நிப்பாட்டி ரெண்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே?

ஆகும்போது சேர்த்து ஆகும். அடக்கி வைத்த வைரஸ் சில மாதத்தில் திமிறி எழும்போது ஈரலே செயலிழந்துபோகலாம். இந்த வாரமே போய் எஸ்.ஜி.பி.டி, டி.என்.ஏ பாருங்கள். மாத்திரை தீர 10 நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். அறுவடை, கொடை, வெளியூர்க் கல்யாணம் இவைதான் மாத்திரை விட்டுப்போகும் நாட்கள் என்பது எங்கள் அனுபவம்.

எம் மக மாசமா இருக்கா, பி பாசிட்டிவ்வாம். பிள்ளைக்கு வராமத் தடுக்க முடியுமா தாயி?

முடியும், அம்மா. ஆனால் நேரம் தவறக் கூடாது. இப்போதே டி.என்.ஏ அளவு பார்க்கச் சொல்லுங்கள். 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் கொடுப்பார்கள். பிள்ளை பிறந்ததும் 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் பி தடுப்பூசி, மற்றத் தொடையில் இம்யூனோகுளோபுலின் (உடனே காக்கும் எதிர்ப்பொருள் ஊசி). பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் (பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி). இதற்காக ஆபரேஷன் பிரசவம் தேவையில்லை. பிள்ளைக்கு 9 மாதம் முடிந்த பிறகுதான் பரிசோதனை செய்ய வேண்டும்.

தவறுவது எங்கே தெரியுமா? புருஷன் வீட்டு ஊரில் பார்த்த ரிப்போர்ட் அங்கேயே கிடக்கும், பிரசவம் தாய்வீட்டு ஊரில் நடக்கும். லேபர் வார்டில் யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட்டின் நகலைத் தாய் சேய் அட்டைக்குள் பின் அடித்து வையுங்கள். எட்டாவது மாதமே பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரிக்குப் போய் "இம்யூனோகுளோபுலின் இருப்பு இருக்கா?" என்று கேளுங்கள். இன்னொரு இடம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு பிள்ளைக்காக 10 டோஸ் குப்பியை உடைக்க வேண்டுமா என்று தயங்குவார்கள். உடைத்த குப்பியைச் சரியான குளிரில் வைத்தால் 28 நாள்வரை பயன்படுத்த அரசு விதியே இடம் கொடுக்கிறது. மரியாதையாக, ஆனால் விடாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காவ. பொண்ணு வீட்ல சொல்லணுமா?

கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லும்போது தீர்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்கு பி இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இரண்டும் இல்லையென்றால் இன்று, 1 மாதம், 6 மாதம் என மூன்று ஊசி. கைப்புஜத்தில் போட வேண்டும், இடுப்பில் போட்டால் சரியாகப் பிடிக்காது. கடைசி ஊசி போட்டு 1, 2 மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். அதுவரை ஆணுறை. சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் கணவன் மனைவிக்குள் அது பரவுவது மிகக் குறைவு. கல்யாணத்துக்கு முன்பே குணமாக்கிக்கொள்ளவும் முடியும்.

வளைகுடாவுக்கு மெடிக்கல்ல அன்ஃபிட் ஆக்கிட்டாவ. ஊசி போட்டா நெகட்டிவ் ஆயிரும்னு ஏஜென்ட் அண்ணாச்சி சொல்லுதாரு.

அப்படி ஓர் ஊசி கிடையாது. ஏற்கெனவே பி உள்ளவருக்குத் தடுப்பூசி போட்டு ஒரு பலனும் இல்லை. வளைகுடா நாடுகளின் விசா மெடிக்கலில் பி-யும் சி-யும் பார்க்கிறார்கள். சி குணமானவருக்கும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே இருக்கும் (ரியாக்டிவ் பற்றிய பதிலைப் பாருங்கள்), ஆர்.என்.ஏ நெகட்டிவ் ரிப்போர்ட் கையில் இருந்தும் நிராகரிக்கப்படலாம். எங்களை மிகவும் நோகடிக்கிற அநியாயம் இது. கிளம்பும் முன்பு உள்ளூரில் பார்த்துவிட்டுப் பிறகு ஏஜென்டிடம் பணம் கட்டுங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டு அன்ஃபிட் ஆனால் இரட்டை அடி.

நோயாளி மேடையேறிப் பேசி என்ன ஆவப் போவுது? அது டாக்டர் வேலைல்லா?

உலக ஹெபடைட்டிஸ் நாளே நோயாளிகள் வாங்கிக் கொடுத்ததுதான். பிரிட்டனைச் சேர்ந்த சார்ல்ஸ் கோருக்கு 1995-ல் சி இருப்பது தெரிந்தது. 2000-ல் நோயாளிகளுக்கான அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். பிறகு பல நாட்டு நோயாளி அமைப்புகளைச் சேர்த்து உலகக் கூட்டமைப்பை உருவாக்கினார். முதலில் மே 19-ல் அவர்களாகவே கொண்டாடினார்கள். 2010-ல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டு, புளூம்பெர்க்கின் பிறந்தநாளான ஜூலை 28-க்கு மாற்றி ஏற்றுக்கொண்டது. நம் நாட்டுத் திட்டமும் அதே தேதியில்தான் தொடங்கியது.

அமிதாப் பச்சனுக்கு 1982-ல் படப்பிடிப்பில் அடிபட்டு ஏற்றிய ரத்தத்தில் பி வந்தது. தெரிந்தது பல வருடம் கழித்து, ஈரலில் கால் பங்குதான் மிச்சம் என்ற நிலையில். அதை அவரே வெளியே சொன்னார். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கான நல்லெண்ணத் தூதராக அவரை நியமித்தது. டாக்டர் சொன்னால் தகவல். அனுபவித்தவர் சொன்னால் "அவருக்கே இருக்கு, நல்லாத்தானே நிக்காரு" என்று கேட்பவர் மனசில் தைக்கும்.

நானும் பேசணும்னு இருக்கேன். பேரு, மூஞ்சி எல்லாம் காட்டணுமா?

வேண்டியதில்லை. முதலில் வீட்டில் கேளுங்கள். உங்கள் பெயர் வெளியே வந்தால் பிள்ளைகள் பள்ளியிலும் வரன் பேசும் இடத்திலும் அதைச் சுமக்கப்போவது அவர்கள். ஆறு மாதம் பெயரில்லாமல் சின்னக் கூட்டங்களில் பேசிப் பாருங்கள். வீடியோ எடுத்தால் திரும்ப அழைக்க முடியாது. 10 நிமிடப் பேச்சு போதும்: எப்படித் தெரிந்தது, என்ன பரிசோதனை, என்ன மாத்திரை, எங்கே கிடைக்கும். எண்ணும் இடமும் சொல்லாத பேச்சு காற்றோடு போய்விடும்.

கொடைக்கு அலகு குத்துத எடத்துல, மொட்டை போடுத எடத்துல என்னன்னு சொல்லிக் கேக்கது? சாமி விஷயம்லா?

வேண்டுதலில் கை வைக்காதீர்கள். கருவியைப் பற்றி மட்டும் பேசுங்கள். கால் நாட்டுவதற்கு முன்பே வரி வசூல் கமிட்டியைப் பார்த்து, அலகு ஆளுக்கு ஒன்று, மொட்டைக்கும் காதுகுத்துக்கும் ஆளுக்குப் புது பிளேடு, புது ஊசி என்று கேளுங்கள். பிளேடு செலவைக் கொடைக் கணக்கில் சேர்த்துவிட்டால் யாரும் மறுப்பதில்லை. பார்க்க வேண்டியது கத்தியின் கைப்பிடியை. மாற்றுகிற பிளேடு புதிதாக இருந்தும், பிளேடைக் கவ்வும் பள்ளத்தில் பழைய ரத்தம் கறுத்துக் காய்ந்து ஒட்டியிருக்கும். இரண்டு பிடி வைத்துக்கொண்டு, ஒன்று பிளீச்சிங் தண்ணீரில் ஊறும்போது மற்றதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அடுத்தவருக்குப் போகும் முன்பு தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். படிகாரக் கட்டியைத் தலைக்குத் தலை தேய்ப்பதும் வேண்டாம். சலூனிலும் இதேதான்.

ஊர்ல பரிசோதனை முகாம் வைக்கணும். என்னெல்லாம் வேணும்?

முதலில், பாசிட்டிவ் வந்தவரை எங்கே அனுப்புவீர்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். அது இல்லாமல் முகாம் வைப்பது பாவம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் ஒரு மாதம் முன்பே பேசுங்கள். ரத்தம் எடுப்பது தகுதியுள்ள லேப் டெக்னீஷியன்தான். ஒரு மேசைக்கு மணிக்கு 10, 12 பேருக்கு மேல் வைத்தால் கவனம் சிதறும். பீடி சுற்றும் பெண்கள் உள்ள ஊர் என்றால், அவர்கள் கடைக்குப் பீடி கொடுக்கப் போகும் நேரத்தைக் கேட்டுவிட்டு முகாம் நேரத்தை வையுங்கள். மண்டபத்தில் மறைப்புக் கட்டிய ஒரு மூலை கட்டாயம், முடிவை அங்கேதான் சொல்ல வேண்டும். மைக்கில் பெயர் கூப்பிடுவது வேண்டவே வேண்டாம், டோக்கன் எண் போதும்.

அட்டைப் பரிசோதனைக்கு விரல்நுனி ரத்தம் போதும். அட்டைகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் வேனுக்குள் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் அத்தனையும் வீண். உறையைக் கிழித்ததும் பயன்படுத்துங்கள். ஒரு கிட்டின் திரவத்தை இன்னொன்றுக்கு ஊற்றாதீர்கள். அதன் தாளில் போட்டிருக்கும் நேரத்தில்தான், வழக்கமாக 15 முதல் 20 நிமிடத்துக்குள், படிக்க வேண்டும். சி கோடு வராவிட்டால் அந்த அட்டை செல்லாது. டி கோடு (கிருமி உண்டு என்று காட்டும் கோடு) நூல் போல மங்கலாகத் தெரிந்தாலும் பாசிட்டிவ் என்றே எடுத்து மேல்பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்த சி கோடு சரிபார்ப்புக்கானது. அதை ஹெபடைட்டிஸ் சி என்று நினைத்து அழுதவர்கள் உண்டு, முன்பே சொல்லிவிடுங்கள். குத்தும் லான்செட் ஆளுக்கு ஒன்று, நேராக வெள்ளை நிறக் கெட்டி டப்பாவுக்குள். பேனா போன்ற பொதுக் கருவி கூடாது.

முகாம்ல வேலை பாக்குத பையனுக்கு ஊசி குத்திட்டுன்னா?

பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்பூசி போடாதவருக்கு பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம்வரை, எச்.ஐ.வி-க்கு அது 0.3 சதவீதம்தான். 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் போட்டால் நன்றாகவே தடுக்கலாம். பெரும்பாலும் குத்துவது மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான், மாட்டவே கூடாது. முகாமில் நிற்பவர் எல்லாருக்கும் ஆறு மாதம் முன்பே தொடங்கி மூன்று ஊசியும் முடிந்திருக்க வேண்டும்.

கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தா ஏதாவது நடக்குமா?

எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. "ஹெபடைட்டிஸை ஒழிக்க வேண்டும்" என்று எழுதினால் ஃபைலில் தூங்கும். "இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பி தடுப்பூசி போட வேண்டும்" என்று ஒரே கோரிக்கையாக எழுதுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள். தென்காசி 2019-லேயே தனி மாவட்டமாகிவிட்டது. சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் அங்கே கொடுங்கள், இங்கே கொடுத்தால் சுற்றிவிட்டு வரும்.

கையில் கணக்கு இருந்தால் மனுவுக்குப் பலம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எத்தனை கர்ப்பிணிகளுக்கு பி பார்த்தார்கள், எத்தனை பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டார்கள், இம்யூனோகுளோபுலின் எத்தனை நாள் இருப்பு இல்லாமல் இருந்தது என்று மூன்றே கேள்வி. நோயாளிகள் பெயரைக் கேட்கவே கூடாது.

பாசிட்டிவ்னு தெரிஞ்ச பொறவு ஆளு வரவே மாட்டேங்காவ, போனையும் எடுக்க மாட்டேங்காவ. என்ன செய்யது?

எங்களுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடாதது இதுதான். ஓரளவு பலிப்பவை: முடிவு சொல்லும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகும் தேதியைக் குறித்துக் கொடுப்பது. முதல் தடவை கூடவே ஒருவர் பஸ்ஸில் போவது. ஓ.பி சீட்டு எங்கே, ரத்தம் எங்கே, மாத்திரை எங்கே என்று கூட நடந்து காட்டினால் இரண்டாம் தடவை அவரே போய்விடுவார். கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது என்பதுதான் பல நேரம் உண்மையான காரணம், பயத்தைவிடப் பெரிய காரணம். எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்துவிடும்படி முன்பே கேட்டு வையுங்கள்.

போனில் "உங்க ஹெபடைட்டிஸ் விஷயமா" என்று ஆரம்பிக்காதீர்கள். எடுப்பது மாமியாராக இருக்கலாம். "முகாமில் பார்த்தோமே, நான்தான்" என்றால் போதும், அவருக்குப் புரியும். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். இரண்டு மாதம் விட்டு மறுபடி கூப்பிடுங்கள், அடுத்த முகாம் தேதியைச் சொல்லுங்கள்.